தெரிந்து தெளிதலும் வீடு பெயர்தலும்

ஆசிரியத் தொழிலை மேற்கொண்டவன் தன் வாழ்நாளில் அஞ்சித் திறக்கும் கடிதம் ஒன்று உண்டு. பழுப்பு நிற உறையில் வரும் இடமாற்றக் கடிதந்தான் அது. பத்தாண்டுகளாக ஓரூரில் வேரூன்றி நின்ற குடும்பத்தை, ‘தை மாதம் முதற்கொண்டு’ என்னும் இரண்டு மூன்று சொற்களால் அது பிடுங்கி எடுத்துவிடும். பிள்ளைகளுக்குப் புதிய பள்ளிக்கூடம் தேடவேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கவேண்டும். பால்காரருக்கும் பலசரக்குக் கடைக்கும் கணக்குத் தீர்க்கவேண்டும். இவற்றையெல்லாம் ஒருவாறு முடித்து நிமிரும்போது, வீட்டுச் சாமான்கள் எம்மைப் பார்த்து, ‘எங்களை என்ன செய்யப் போகிறாய்?’ என்று கேட்பன போல நிற்கும்.

வீட்டினுள் இருக்கும்வரை நாம் அவற்றைக் காண்பதில்லை. முற்றத்தில் இறக்கி வைத்த பின்னரே அவற்றின் உண்மை வடிவம் தெரிகின்றது. அலுமாரியின் முதுகு செல்லரித்திருப்பதும், கட்டிலின் ஒரு காலுக்கு இத்தனை காலமும் மட்டைத்துண்டு அணை கொடுத்ததும், மெத்தையில் பிள்ளை மை கொட்டிய இடமும் அயலவர் கண்ணுக்குப் புலனாகின்றன. ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதும் வெயிலிலே கிடக்கின்றது. அந்த அந்தரங்கத்தை முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவருடைய லொறி தெரு முனையில் திரும்பி மறைவதைப் பார்த்து நிற்கும் கணம் இருக்கின்றதே, அது இலேசானதன்று. நம்பிக்கை என்னும் சொல்லின் பொருளை அகராதியிற் பார்க்கவேண்டியதில்லை. அந்தத் தெருவோரத்தில் நின்று பார்த்தாற் போதும்.

ஆதலால், ‘கூலி எவ்வளவு?’ என்னும் வினாவுக்கு முந்தியது, ‘யாரிடம் ஒப்படைப்பது?’ என்னும் வினா. இதனை யான் கேட்டறிந்து எழுதவில்லை, பட்டறிந்து எழுதுகின்றேன்.

மார்கழி மழையில் ஒரு பயணம்

2012 ஆம் ஆண்டு மார்கழியில் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு மாற்றலானேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீடு தேடுவதற்கு மூன்று வாரம் அலைந்த நான், லொறி தேடுவதற்கு மூன்று மணி நேரங்கூடச் செலவிடவில்லை. சந்தியிலிருந்த தேநீர்க் கடையில் விசாரித்தேன். மூவரைப் பற்றிச் சொன்னார்கள். மூவரிலும் குறைந்த கூலி கேட்டவரோடு பேசி முடித்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு லொறி வாசலில் நிற்கும் என்பது பேச்சு.

லொறி இரவு பத்து மணிக்கு வந்தது. மூடிய லொறி வரும் என்று நான் எண்ணியிருந்தேன். வந்தது திறந்த லொறி. மேலே கட்டுவதற்கு ஒரு தறப்பாள் இருந்தது; அதன் நடுவிலே ஒரு கிழிசலும் இருந்தது. ஏற்ற வந்தவர்கள் இருவர். மழை தூறிக்கொண்டிருந்தது. நள்ளிரவு கடந்த பின் லொறி புறப்பட்டது. நாங்கள் பஸ் ஏறிக் கொழும்புக்குச் சென்று காத்திருந்தோம். மறுநாட் பொழுது சாயும் வேளையிற் சாமான்கள் வந்தன. ஆனால் அவற்றைச் சுமந்து வந்தது வேறொரு லொறி. குருநாகலில் வண்டி மாற்றினார்களாம். ஏன் மாற்றினார்கள் என்பதற்கு விடை கிடைக்கவில்லை. புதிய சாரதி மாடியை அண்ணாந்து பார்த்தார்.

“மாஸ்டர், மூண்டாம் மாடி எண்டு நீங்கள் ஒருதருக்கும் சொல்லேல்லையே. படியேத்திற கூலி வேற. அதைத் தந்தால்தான் இறக்குவம்.”

பேசிய தொகையிற் பாதியை மேலதிகமாகக் கொடுத்தேன். கொடாதிருக்க வழியேது? எம் பாயும் தலையணையும் பாத்திரமும் அவருடைய வண்டியில் அல்லவா இருந்தன! பிள்ளைகள் வெறுந்தரையிற் குந்தியிருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக இறங்கியது, லொறியின் பின்விளிம்பில் இருந்த ஒரு காட்போட் பெட்டி. தூக்கியபோது அதன் அடி கழன்று விழுந்தது. அதனுள்ளே என் தந்தையாரின் கொப்பிகள் இருந்தன. அவரும் ஆசிரியர், முப்பதாண்டுகளுக்கு மேல் இலக்கணம் படிப்பித்தவர். நன்னூலுக்குத் தம் மாணவருக்காக அவர் எழுதிய பாடக் குறிப்புகள் பதினொரு கொப்பிகளில் இருந்தன. மை ஊற்றும் பேனாவால் எழுதிய எழுத்து. தாளைப் புரட்டினேன், எழுத்து இருந்த இடமெல்லாம் நீலக் குளமாகக் கிடந்தது. நான்கு கொப்பிகளில் ஓரளவு தப்பியது. ஏழு போயின.

யாரிடம் முறையிடுவது? என் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. சாமானை ஏற்றியவரின் முழுப் பெயரும் எனக்குத் தெரியாது. நெடுங்காலம் அந்த லொறிக்காரரையே நொந்துகொண்டிருந்தேன். குற்றம் முழுவதும் அவருடையதன்று என்பது பின்னரே எனக்கு உறைத்தது. அதனைப் பின்னாற் சொல்வேன்.

முகத்தை நம்பிய காலம், சீட்டை நம்பிய காலம்

எம் முன்னோர் வீடு பெயர்ந்தபோது இத்தகைய கேள்விகள் எழவில்லை. மாட்டு வண்டியிலே சாமான் ஏற்றிய காலத்தில், வண்டிக்காரர் அதே ஊரவர். அவருடைய தகப்பனையும் தெரியும், பாட்டனையும் தெரியும். குத்துவிளக்கின் தண்டு வளைந்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் அவர் எம் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த வெட்கமே உத்தரவாதம். அதற்கு மேல் முத்திரையும் வேண்டியதில்லை, கையெழுத்தும் வேண்டியதில்லை.

பின்னர் புகைவண்டி வந்தது. 1902 ஆம் ஆண்டில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி, 1905 ஆம் ஆண்டிற் கொழும்புப் பாதையோடு இணைந்தது. உத்தியோகம் நாடிச் சென்ற யாழ்ப்பாணத்தவரின் பெட்டகங்களும் தையல் மெசின்களும் அவ்வழியே தெற்கு நோக்கிச் சென்றன. பொதியை ஏற்றியவர் யாரென்று தெரியாது. இறக்கப் போகின்றவர் யாரென்றும் தெரியாது. ஆனால் கையிலே ஒரு பற்றுச்சீட்டு இருந்தது. அதில் இலக்கம் இருந்தது, நிறை இருந்தது, திகதி இருந்தது. முகம் இருந்த இடத்துக்குச் சீட்டு வந்தது.

அதன்பின் வந்த காலம் முகத்தையும் சீட்டையும் ஒருங்கே பறித்தது. 1990 இல் வடபகுதிக்கான புகைவண்டி நின்றது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழையிலே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். வீடு பெயர்தல் என்று அதனைச் சொல்லுதல் தகுமா? எந்த வண்டியில் ஏற்றுவது, யாரை நம்புவது என்னும் தேர்வு எவருக்கும் இருக்கவில்லை. சைக்கிளும் லாண்ட்மாஸ்டரும் தலைச்சுமையுமே வாகனங்கள். அன்று என் தந்தையார் எம் சைக்கிளின் கரியரிற் கட்டியது, பொலித்தீனிற் சுற்றிய அந்தப் பதினொரு கொப்பிகளைத்தான். அம்மா அரிசிப் பையைக் காட்டிக் கோபித்தார். அவர் கேட்கவில்லை. அந்த இரவு மழையில் ஒரு கொப்பியும் நனையவில்லை.

போரின் நடுவே, மக்கள் வெள்ளத்தின் நடுவே நனையாமற் கடந்த கொப்பிகள், போர் ஓய்ந்து மூன்றாண்டுகளின் பின், காசு கொடுத்து அமர்த்திய லொறியிலே நனைந்து போயின. இதனை நினைக்குந்தோறும் ஓர் உண்மை தெளிவாகின்றது. தேர்ந்தெடுக்கும் வசதி என்பது ஒரு பேறு. அது இல்லாதபோது நாம் பட்ட துன்பம் பெரிது. அது கிடைத்த பின்னும் அதனைப் பயன்படுத்தாமல் விடுவது, வாய்த்த பேற்றை வாசலிலே எறிவதற்கு ஒப்பாகும்.

பொருளை ஏற்றவன் பொறுப்பையும் ஏற்றான்

பிறர் பொருளைச் சுமப்பவனுக்குரிய கடமை பற்றி உலகம் மிகப் பழைய காலந்தொட்டே சிந்தித்து வந்துள்ளது. கப்பல் நடத்துவோர், சத்திரம் நடத்துவோர், குதிரைலாயம் நடத்துவோர் ஆகிய மூவரும், தாம் ஏற்றுக்கொண்ட பொருளைக் குறைவின்றித் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்று உரோமரின் நீதிபரிபாலகர் கட்டளையிட்டனர். 533 ஆம் ஆண்டில் யஸ்டினியன் பேரரசன் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் அக்கட்டளைக்குத் தனித் தலைப்பே உண்டு. ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்து இன்றும் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தின் ஊற்று, அந்தப் பழைய நீதி மரபேயாகும்.

ஆங்கில நாட்டில் 1703 ஆம் ஆண்டில் நடந்த வழக்கொன்று இதனினும் சுவையானது. பேணாட் என்பவர், கொக்ஸ் என்பவருடைய பிராந்திப் பீப்பாக்களை இலண்டன் நகரில் ஒரு நிலவறையிலிருந்து எடுத்து மற்றொரு நிலவறையிலே பத்திரமாக இறக்கிவைக்க ஒப்புக்கொண்டார். கூலி பேசவில்லை, உதவியாகச் செய்தார். ஆனால் கவனக்குறைவாற் பீப்பா உடைந்து பிராந்தி நிலத்திற் சிந்தியது. ‘கூலி வாங்காதவன் ஏன் நட்டம் கொடுக்கவேண்டும்?’ என்பது எதிர்வாதம். பிரதம நீதியரசர் ஜோன் ஹோல்ட் அதனை ஏற்கவில்லை. ஒருவன் நம்பிப் பொருளை ஒப்படைத்ததும், மற்றவன் அதனைக் கையில் எடுத்ததுமே போதும். கவனமாகச் செய்யும் கடமை அப்பொழுதே பிறந்துவிட்டது என்பது அவர் கண்ட முடிவு. நம்பிக்கைக்குச் சட்டத்திலே இவ்வளவு பெருமதி கொடுத்த தீர்ப்புகள் அரியன.

கூலிக்குப் பொருள் சுமப்பதையே தொழிலாகக் கொண்டவரின் பொறுப்பு இன்னும் கடுமையானது என்றும் ஹோல்ட் கூறினார். தெய்வச் செயலும் அரசனின் பகைவர் செயலும் தவிர்ந்த எல்லா இழப்புக்கும் அவரே பொறுப்பாளி. அதற்கு அவர் காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது. சுமப்பவர் வழியிலே கள்வரோடு இரகசியமாகக் கைகோத்தால், பொருளுடையவனால் அதனைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் அது. பொருள் எம் கண்ணிலிருந்து மறைந்த பின் நடப்பது எமக்குத் தெரியாது. ஆகவே தெரிந்தவர் மீதே பொறுப்பைச் சுமத்தவேண்டும்.

எம் நாட்டிலும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தொழிலாகச் சேவை வழங்குவோர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதனைச் செய்யவேண்டும் என்பதை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் உள்ளடங்கிய நிபந்தனையாக ஆக்கியிருக்கின்றது. குறை நேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்திலே முறையிடலாம். ஆனால், என்னைப் போல் வெறுங்கையோடு நிற்பவனுக்குச் சட்டம் என்ன செய்யும்? யார் ஏற்றார், என்ன ஏற்றார், எந்த நிலையில் ஏற்றார் என்பதைச் சொல்ல ஒரு தாளாவது வேண்டும். சட்டம் துணைநிற்பது, முதலிலே தன் கடமையைச் செய்தவனுக்கே.

ஆராய்வது எப்படி?

திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரத்துக்குத் ‘தெரிந்துதெளிதல்’ என்று பெயர். அரசன் தன் வினையை ஒப்படைக்கத்தக்கவரை ஆராய்ந்து கண்டு, பின்னர் ஐயமின்றி நம்பவேண்டும் என்பது அதன் பொருள். ஆராயாமல் நம்புகிறவனும் கெடுவான், ஆராய்ந்து நம்பிய பின் சந்தேகத்தோடு தொடர்கின்றவனும் கெடுவான் என்று அந்த அதிகாரம் முடிகின்றது. அமைச்சரைத் தேர்வதற்கு வகுத்த நெறி அலுமாரியை அனுப்புவதற்கும் பொருந்துமா என்று சிலர் நகைக்கலாம். பொருந்தும் என்றே கருதுகின்றேன். முதலிலே தெரிதல், பின்னரே தெளிதல் என்னும் அந்த வரிசையைத்தான் நான் 2012 இல் மாற்றிப் போட்டேன்.

இன்று வீடு மாற்றித் தருவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் கொழும்பிலும் பிற நகரங்களிலும் உள்ளன. விளம்பரத்தில் எல்லோரும் நம்பிக்கைக்குரியவரே. ஆதலால் விளம்பரத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கவேண்டும். அவருக்கு ஒரு கந்தோர் உண்டா? பதிவு செய்த வியாபாரப் பெயர் உண்டா? தொலைபேசி இலக்கம் ஒன்றைத் தவிர வேறு முகவரி இல்லாதவரிடம் வீட்டை ஒப்படைப்பது, காற்றிலே கடன் கொடுப்பதாகும். அண்மையில் அவரைக் கொண்டு வீடு மாறிய இரண்டு குடும்பங்களைக் காட்டும்படி கேட்கலாம். நல்ல தொழிலாளி அதற்குக் கூசமாட்டார். அக்குடும்பத்தாரிடம், ‘நன்றாகச் செய்தாரா?’ என்று கேட்பதிற் பயனில்லை, ‘ஏதாவது உடைந்ததா? உடைந்தபோது என்ன செய்தார்?’ என்று கேட்கவேண்டும்.

அடுத்தது மதிப்பீடு. வீட்டைப் பார்க்காமலே தொலைபேசியில் தொகை சொல்பவர், பார்த்த பின் வேறு தொகை சொல்வார். பெரும்பாலும் அது சாமான் ஏறிய பின்னராகவே இருக்கும். நேரில் வந்து, அலுமாரியைத் திறந்து, கட்டிலின் அடியிற் குனிந்து, பழைய வீட்டின் ஒழுங்கையில் லொறி நுழையுமா, புதிய வீட்டில் எத்தனை படி என்று கேட்டுத் தொகை எழுதுபவரே தொழில் தெரிந்தவர். நான் அமர்த்தியவர் படியைப் பற்றிக் கேட்கவேயில்லை. அதனை நான் அவருடைய பெருந்தன்மை என்று எண்ணினேன். அது அறியாமையின் அடையாளம் என்று எண்ணியிருக்கவேண்டும்.

தொகை எழுத்திலே இருத்தல் வேண்டும். பொதி செய்தல், ஏற்றுதல், பயணம், இறக்குதல், படியேற்றுதல், கட்டிலைக் கழற்றிப் பூட்டுதல் என்பவற்றுள் எவை அதனுள் அடங்கும், எவை அடங்கா என்பதும் எழுதப்படவேண்டும். மூன்று பேரிடம் கேட்டு, இருவர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்ல, ஒருவர் மட்டும் அதிற் பாதி சொன்னால், அந்த மற்றப் பாதி எங்கிருந்து வரப்போகின்றது என்று சிந்திக்கவேண்டும். என் விடயத்தில் அது வெள்ளவத்தைப் படிக்கட்டடியில் வந்தது.

லொறி அவருடையதா, வாடகைக்கு எடுப்பதா? மூடிய லொறியா? வழியில் வேறு வண்டிக்கு மாற்றுவார்களா? எம் சாமான் மட்டுமா, வேறு சரக்கும் ஏறுமா? வருபவர்கள் அவரிடம் நிலையாக வேலை செய்வோரா, அன்றன்று சந்தியிற் பிடிக்கும் கூலியாட்களா? இவற்றைக் கேட்பது அவமதிப்பன்று. முற்பணமாகப் பெருந்தொகையைக் கேட்பவரிடம் அதன் காரணத்தைக் கேட்பதும் அவமதிப்பன்று. நம்பத்தக்கவர் இக்கேள்விகளை வரவேற்பார். ஏனெனில், மற்றவரிலிருந்து தம்மைப் பிரித்துக் காட்ட அவருக்கு வேறு வழி இல்லை.

நிறைக்கு விலை உண்டு

காப்புறுதி என்னும் சொல்லைக் கேட்டவுடன் பலர் ஆறுதலடைந்துவிடுகின்றனர். அங்கேயும் கூர்ந்து நோக்கவேண்டும். காப்புறுதி செய்திருக்கும் பொருள் லொறியா, லொறியில் ஏறிய எம் சாமானா? இரண்டும் வேறு. ‘முழுக் காப்புறுதி’ என்று வாயாற் சொல்வதை விட்டு, பத்திரத்தைக் காட்டச் சொல்லவேண்டும்.

இவ்விடயத்தில் அமெரிக்க நாட்டின் ஒழுங்கு அறியத்தக்கது. அங்கே ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு வீட்டுச் சாமான் கொண்டு செல்வதற்கு மத்திய அரசின் விதிகள் உள்ளன. சாமானின் முழுப் பெறுமதிக்கும் பொறுப்பேற்கும் முறை ஒன்று. அதற்குக் கட்டணம் உண்டு. மேலதிகக் கட்டணம் இல்லாத முறை மற்றொன்று. இரண்டாவதைத் தெரிந்து கையெழுத்திட்டவருக்கு, இழந்த பொருளின் நிறையில் இறாத்தலுக்கு 60 சதம் என்ற கணக்கிலேயே நட்டஈடு கிடைக்கும். எம் தந்தையாரின் கொப்பிகள் அங்கே அந்த முறையில் அழிந்திருந்தால், ஐந்து இறாத்தலுக்கு மூன்று டொலர் கிடைத்திருக்கும்! சட்டத்தின் மேல் வருந்திப் பயனில்லை. தராசு நிறையை மட்டுமே அறியும்.

அதே விதிகளில் எமக்குப் பிடித்த ஒன்றும் உண்டு. மாறக்கூடிய மதிப்பீடு கொடுத்த நிறுவனம், சாமானை இறக்கும் வேளையில் அம்மதிப்பீட்டின் 110 சதவீதத்துக்கு மேல் கேட்டுச் சாமானை மறித்து வைத்திருக்க முடியாது. அத்தொகையைக் கொடுத்தவுடன் இறக்கவேண்டும். எஞ்சியதைப் பின்னர் கேட்கலாம். சாமானைப் பணயமாக வைத்துப் பேரம் பேசுதல் எங்கும் நிகழ்வதே என்பதை அந்த விதியே காட்டுகின்றது. எழுத்து உடன்பாட்டில் இத்தகைய ஒரு வரியை நாமும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை. இறுதித் தொகையிலே ஒரு பகுதியை, எல்லாம் இறங்கி எண்ணி முடித்த பின் கொடுப்பதாகவும் பேசிக்கொள்ளலாம்.

ஆயினும், எந்த எழுத்தாலும் மீட்க முடியாதவை சில உள்ளன. சான்றிதழ்கள், காணி உறுதிகள், நகைகள், இறந்தவரின் புகைப்படங்கள், கையெழுத்துப் பிரதிகள் என்பவற்றை எவ்வளவு நல்ல நிறுவனத்திடமும் கொடுத்தலாகாது. அவை எம் மடியிற் செல்லவேண்டியவை. 1995 இல் என் தந்தையார் அரிசிப் பையை விட்டுக் கொப்பிகளைக் கட்டியதன் நியாயம் இதுவே. பிறரிடம் கொடுக்கத் தகாததை அவர் அறிந்திருந்தார்.

எம் பக்கக் குறை

இப்போது, பின்னாற் சொல்வேன் என்று விட்ட செய்திக்கு வருகின்றேன்.

2012 இல் அந்த லொறிக்காரர் என்னிடம், “எவ்வளவு சாமான் இருக்கும், மாஸ்டர்?” என்று கேட்டார். “கட்டில், அலுமாரி, மேசை, கதிரை, கொஞ்சம் புத்தகம்” என்றேன். அந்தக் ‘கொஞ்சம் புத்தகம்’ நாற்பத்திரண்டு பெட்டி. எனக்குத் தெரியாமற் சொன்னதன்று. பெட்டிக் கணக்கைச் சொன்னாற் கூலி கூடும் என்று பயந்து மறைத்தேன். மூன்றாம் மாடி என்பதையும் அதே காரணத்தால் விழுங்கிவிட்டேன். பெரிய பெட்டிகளிலே புத்தகங்களைத் திணித்ததும் நானே. நூலின் நிறையை ஆசிரியன் அறிவான். ஆனாற் சுமப்பவனுடைய முதுகு அதனை அவனைவிட நன்றாக அறியும். இருவர் அவற்றை நள்ளிரவுவரை தூக்கினார்கள். லொறி கொள்ளவில்லை. கடைசியில் எஞ்சிய ஒரு பெட்டியை, தறப்பாள் எட்டாத பின்விளிம்பிலே வைத்துக் கயிற்றாற் கட்டினார்கள். ‘அதனுள் என்ன இருக்கிறது?’ என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ஒரு சொல்லாவது எழுதியிருக்கவில்லை.

வழியில் வண்டி மாற்றியதற்கு என்ன காரணமோ, பாரமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது எண்ணுகின்றேன். அவர் என்னை ஏமாற்றினார் என்றால், நானும் அவரை ஏமாற்றியே தொடங்கினேன். இரண்டு சிறு பொய்களுக்கு இடையில் ஏழு கொப்பிகள் நனைந்தன.

ஆதலால் நம்பத்தக்க நிறுவனத்தைத் தேடுவோர், தாமும் நம்பத்தக்கவராக இருத்தல் வேண்டும். சாமான் முழுவதையும் மறைக்காது காட்டவேண்டும். பழைய வெடிப்பையும் கீறலையும் முதலிலேயே சொல்லிப் பட்டியலில் எழுதுவிக்கவேண்டும். புத்தகங்களை ஒருவர் தூக்கக்கூடிய சிறு பெட்டிகளில் இட்டு, பக்கத்திலே இலக்கமும் உள்ளடக்கமும் எழுதவேண்டும். புறக்கோட்டை நாட்டாமைமார் மூட்டை சுமந்து குனிந்து செல்வதைக் கண்டிருப்போம். அவர்களுடைய முதுகும் முதுகே என்பதை வீடு பெயரும் நாளிலாவது நினைத்தல் வேண்டும். தாகத்துக்குத் தண்ணீரும் நேரத்துக்குத் தேநீரும் கொடுப்பது தருமம் மட்டுமன்று. மனிதனாக மதிக்கப்பட்டவன், அந்த வீட்டுக் கண்ணாடியை வேறு விதமாகத் தூக்குவான்.

கீறலை எழுதிய கை

2019 ஆம் ஆண்டு ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினேன். இம்முறை லொறி தேட இரண்டு கிழமை செலவிட்டேன். மூன்று நிறுவனத்தார் வந்து வீட்டைப் பார்த்தனர். நாற்பத்திரண்டு என்றிருந்த புத்தகப் பெட்டி அறுபதாகியிருந்தது; அறுபது என்றே சொன்னேன். படிக்கட்டை அளந்து, ஒவ்வொரு சாமானையும் தாளில் எழுதி, கூடிய தொகையும் அல்லாத குறைந்த தொகையும் அல்லாத ஒன்றைச் சொன்னவரைத் தேர்ந்தேன். பின்னர் அவரை வழியெல்லாம் தொலைபேசியில் துரத்தவில்லை. தெரிந்தாயிற்று, இனித் தெளியவேண்டும் என்று இருந்தேன்.

நாங்கள் புகைவண்டியில் வந்தோம். 2014 இல் யாழ்ப்பாணம்வரை மீண்டும் ஓடத் தொடங்கிய வண்டி அது. எஞ்சிய நான்கு கொப்பிகளும், நீலக் குளமாகிப் போன ஏழும், பொலித்தீனிற் சுற்றி என் மடியில் இருந்தன.

மறுநாட் காலை லொறி சொன்ன நேரத்துக்கு வந்தது. இலக்கம் பார்த்து இலக்கம் பார்த்து இறக்கினார்கள். எல்லாம் முடிந்ததும், மேற்பார்வையாளராக வந்த முதியவர் பட்டியலோடு என்னிடம் வந்தார்.

“ஐயா, அலுமாரிக் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்திட்டுது. ஏத்தேக்க இருக்கேல்ல, எங்கட கையாலதான். இதில எழுதியிருக்கிறன். பார்த்துக் கையெழுத்துப் போடுங்கோ.”

அந்தக் கீறலை நான் கண்டிருக்கவேயில்லை. கதவின் கீழ் மூலையில் ஒரு விரலளவு இருந்தது. அவர் சொல்லாவிட்டால் பல மாதங்களின் பின்னரே கண்டிருப்பேன். கண்டாலும், பழையதென்று எண்ணியிருப்பேன். அடுத்த கிழமை அவர்கள் கண்ணாடியை மாற்றித் தந்தார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது கண்ணாடியன்று. அந்தப் பட்டியலின் அடியில் இருந்த ஒரு வரி. தம் பிழையைத் தம் கையாலேயே எழுதிய எழுத்து அது.

ஒன்றையும் உடையாமல் கொண்டு சேர்ப்பேன் என்பவரைத் தேடி நாம் அலையவேண்டியதில்லை. பாதை நீண்டது, கண்ணாடி மெல்லியது, மனிதர் கை தவறும். உடைந்ததை ஒளிக்காமல் எம் முன்னே கொண்டுவந்து காட்டுபவரே நம்பத்தக்கவர். அவரைக் கண்டறிவதற்குத்தான் கந்தோரும் எழுத்தும் பட்டியலும் விசாரணையும் வேண்டியிருக்கின்றன.

அந்தப் பட்டியலை நான் எறியவில்லை. தந்தையாரின் கொப்பிகளோடு சேர்த்து வைத்திருக்கின்றேன்.